பத்துக்கு எத்தனை?

அழுத்தத்தை அளக்கும் ஒரு கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு கேஜை அதன் பக்கத்தில் வைத்துத்தான். அந்த இன்னொன்று சரியா என்று பார்க்க அதைவிட நம்பகமான ஒன்று வேண்டும். இப்படியே போய்க் கடைசியில் ஏதாவது ஒன்றை நம்பித்தான் ஆக வேண்டும். அதற்கு மாஸ்டர் கேஜ் என்று பெயர். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் மிருதுளாவுக்கு இதுதான் வேலை. அழுத்தமானிகளை ஒவ்வொன்றாக மாஸ்டரோடு ஒப்பிட்டுத் திருத்துவாள். மாஸ்டரே தப்பாக இருந்துவிட்டால் தொழிற்சாலையின் எல்லாக் கருவிகளும் ஒரே தப்பை ஒற்றுமையாகச் சொல்லும். ஒற்றுமையாகச் சொல்வதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

இந்தப் பாடம் தன் கணவனின் உயிருக்கு உதவும் என்று அவள் நினைத்ததில்லை.

கவினுக்கு இதயக் குழாய்களில் அடைப்பு. படங்களைத் திரையில் காட்டி விளக்கிய இளம் டாக்டர், “ஆபரேஷன் பண்ணிட்டா இன்னும் முப்பது வருஷம் ஓடலாம் சார். தள்ளிப்போட்டா எப்ப வேணா, என்ன வேணா ஆகலாம்” என்றாள்.

கவின் அவளைப் பார்த்துப் பரிவோடு சிரித்தான். “இனிமே எனக்கு எதுக்குங்க டாக்டர் அதெல்லாம்? இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்.”

அவனுக்கு வயது நாற்பத்தாறு.

கார் நிறுத்துமிடத்தில் மிருதுளா கதவைத் திறக்காமல் நின்றாள். பிறகு கேட்டாள், “ஏங்க, பயமாவே இல்லீங்களா?”

“இல்லயே. எதுக்குப் பயம்?” என்றான். பொய் சொல்லவில்லை. அவன் காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில், சுண்டுவிரல் அகலத்தில் நிறைவி ஒட்டியிருந்தது.

நிறைவி வந்த கதையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு தண்மை என்ற ஆய்வு நிறுவனம் மேற்கு மாவட்டங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பள்ளி முடித்த பிள்ளைகள் முதல் எண்பதைத் தாண்டியவர்கள் வரை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு பட்டை மூளையின் மின்னலைகளைப் பதியும். தினமும் காலையில் போனில் ஒரு குரல் கேட்கும்: “உங்கள் வாழ்க்கைக்கு இன்று பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?” ஓர் எண்ணைச் சொன்னால் போதும். கவின் சேர்ந்தான். கோபிசெட்டிபாளையத்தில் தனியாக இருந்த அவன் அப்பாவையும் சேர்த்துவிட்டான். பட்டையை அவனே போய் மாட்டிவிட்டு வந்தான்.

முதல் நாள் காலையில் குரல் கேட்டதும் கவின் “நாலு” என்றான்.

மிருதுளா தோசைத் திருப்பியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “நாலா? அப்படி என்னங்க கொறை வெச்சேன் உங்களுக்கு?”

“மெதுவாப் பேசு. எட்டுன்னு சொன்னா கண்ணு பட்டுரும்.”

“மெஷினுக்கு ஏதுங்க கண்ணு?”

“மெஷினுக்கு இல்ல. அதுக்குப் பின்னாடி ஒருத்தன் உக்காந்திருப்பான்ல?”

அன்று இருவரும் சிரித்தார்கள். கவின் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பெண்கள் கபடி அணி தோற்றால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். ஜெயித்தால் தெருவையே எழுப்புவான். ரசத்தில் உப்புக் குறைந்தால் அரைமணி நேரம் பேசுவான். நாலு மதிப்பெண் வாழ்க்கை அப்படி இருக்காது.

கணக்கெடுப்பின் முடிவை வரைந்தபோது தூளி போல ஒரு கோடு வந்தது. இளைஞர்கள் பக்கம் உயரம். நாற்பது ஐம்பதில் நல்ல பள்ளம். அறுபதுக்குப் பிறகு ஏறி, எழுபதைத் தாண்டியதும் உச்சி. வெளிநாட்டு ஆய்வுகள் சிலவும் இப்படியொரு கோட்டைப் பற்றிப் பேசியிருந்ததால் தண்மைக்குத் துணிச்சல் வந்தது. நடுவயதின் பள்ளத்தை நிரப்பிவிட்டால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் நிறைவி. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்கிறதல்லவா, அது மாதிரி. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், மோட்டார் ஓடும், நிரம்பினால் நிற்கும். நிறைவி மூளையின் அலைகளைப் படித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் மெல்லிய துடிப்புகளால் மேலே கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. நாற்பது வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் அனுமதி. கவினின் பள்ளியில் ஆசிரியர் அறையே ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது. “எல்லாரும் சிரிச்சுட்டு உக்காந்திருக்காங்க, நான் மட்டும் கத்திட்டிருந்தா நல்லாவா இருக்கு?” என்று அவனும் ஒட்டிக்கொண்டான்.

ஊரில் அதன் நன்மைகளை எல்லோரும் சொன்னார்கள். குடும்ப நீதிமன்றத்தில் கூட்டம் குறைந்தது. அலுவலகங்களில் சண்டை இல்லை. சாலையில் ஹாரன் சத்தம்கூட அடங்கியது. மிருதுளாவுக்கு முப்பத்தொன்பது. அடுத்த வருடம் அவளும் ஒட்டிக்கொள்வதாக இருந்தாள்.

கவினிடம் மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கபடி அணி மாவட்டப் போட்டியில் தோற்றது; “அவங்களும் குழந்தைங்கதான, ஜெயிக்கட்டும்” என்றான். உயிராக வைத்திருந்த பைக்கைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டான். நல்ல சட்டைகளை மடித்து யாருக்கோ தந்தான். காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சென்னையில் படிக்கும் மகள் போன் செய்து, “அம்மா, ஹாஸ்டல்ல இருந்து வெளிய தங்கப்போறேன்னு சொன்னேன். அப்பா ஏன்னு கூடக் கேக்கல” என்று அழுதாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மிருதுளா இவற்றையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். திருப்தியான மனிதன் எதற்காகத் தன் பொருள்களை எல்லாம் கொடுத்து முடிக்கிறான்?

தண்மையில் நித்திலன் இருந்தான். கவினிடம் கபடி கற்றவன், இப்போது அலைகளைப் பிரித்துப் படிக்கும் பொறியாளன். நிறைவியின் மட்டத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கத்தான் அவள் போனாள். உட்கார்ந்ததும் வாயில் வந்தது தொழில் கேள்வி.

“நித்திலன், இதை எதை வெச்சுத் திருத்துனீங்க? மாஸ்டர் எது?”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா, இத்தனை நாள்ல இதை யாருமே கேட்டதில்ல. எத்தனை நாள் ஓடும், குளிக்கும்போது கழட்டணுமா, இதைத்தான் கேப்பாங்க. இருங்க, சொல்றேன். மெஷினுக்குத் திருப்தின்னா என்னன்னு தெரியாது. கொய்யாக்காயையே பாக்காதவனுக்குக் காய் எது பழம் எதுன்னு கத்துக்குடுக்கணும்னா என்ன செய்வீங்க? ரெண்டு கூடை வெப்பீங்க. ஒண்ணுல ‘காய்’னு சீட்டு, இன்னொண்ணுல ‘பழம்’னு சீட்டு. ஆயிரம் தடவை பாத்தா அவனே வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சிருவான். நாங்களும் அதைத்தான் செஞ்சோம். நாலு, அஞ்சு சொன்னவங்களோட அலையெல்லாம் காய்க்கூடை. ஒம்பது, பத்து சொன்னவங்க பழக்கூடை. காயைப் பழத்தோட மட்டத்துக்குக் கொண்டு போறதுதான் நிறைவி.”

“சொன்னவங்க.”

“என்னக்கா?”

“சொன்னவங்கன்னு சொல்றீங்க. நெசமா அப்படி இருந்தாங்களான்னு பாத்தீங்களா?”

“அதெப்படிப் பாக்கறது? திருப்திக்கு மீட்டர் இருந்தா நாங்க ஏன் கேள்வி கேக்கப் போறோம்?”

மிருதுளா, கவின் நாலு என்று சொன்ன காலையைப் பற்றிச் சொன்னாள். நித்திலன் வாய்விட்டுச் சிரித்தான். “எங்க சாரா? கண்ணு பட்டுரும்னா?”

“உங்கம்மா எத்தனை சொன்னாங்க?”

சிரிப்பு நின்றது. “அம்மா அஞ்சு. எனக்கு அப்பத்தான் வேலை கெடச்சிருந்துச்சு. வீட்ல ஒரே சந்தோஷம். ஆனா அம்மா அஞ்சுதான் சொன்னாங்க.” நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்தான். “இங்க எல்லாரும் அப்படித்தானக்கா. எப்படி இருக்கீங்கன்னா, ஏதோ ஓடுதுங்கம்பாங்க. அப்ப காய்க்கூடைல பழமும் நெறையக் கெடக்குது.”

“சரி, பழக்கூடைல என்ன கெடக்குது?”

அவன் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தான். “பெரும்பாலும் எழுபது தாண்டினவங்க. ஒவ்வொருத்தருக்கும் அவங்க மூளையோட ஒத்துப்போற ஆளோட பதிவைத்தான் மாஸ்டரா வெப்போம். ரத்த சொந்தம் யாராவது கணக்கெடுப்புல இருந்தா இன்னும் துல்லியம்.” விசைகளைத் தட்டினான். “சாருக்கு அவங்க அப்பா. சுரேஷ்குமார், கோபிசெட்டிபாளையம். எங்ககிட்ட இருக்கறதுலயே சுத்தமான பதிவு இது. ஒரு நாள்கூட மாறல. தெனமும் பத்து.”

மிருதுளா மறுநாளே கோபிக்குப் போனாள். சுரேஷ்குமார் ஒரு காலத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து ஏழெட்டு வருடம். வீட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கட்டில். மற்றதெல்லாம் எங்கே போயின என்று அவள் முன்பு கேட்டதில்லை.

“வா அம்மிணி. கவின் வல்லியா?” என்று டீ போட்டுக் கொடுத்தார்.

“மாமா, அந்தக் கணக்கெடுப்புல தெனமும் பத்துன்னு சொன்னீங்களாமா?”

“ஆமா. எனக்கென்ன கொறை?”

“நெசமாவே பத்துங்களா?”

“இதென்ன கேள்வி?”

“மாமா, அவருக்கு நெஞ்சுல அடைப்பு. ஆபரேஷன் வேண்டாங்கறாரு. இனிமே எனக்கு எதுக்குங்கறாரு. எனக்கு நெசம் தெரியணுங்க.”

அவர் டீ டம்ளரை மேசையில் வைத்தார். அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாஞ் சொல்றது கவினோட போன்லதான் போய் விழும்னு நெனச்சேன். அவந்தான வந்து மாட்டி விட்டான்? நான் ரெண்டுன்னு சொல்லி, அவன் லீவு போட்டுட்டு ஓடியாந்து நின்னா? அவன் பொழப்பப் பாக்க வேண்டாமா? நம்மளால அவனுக்கு ஒரு தொந்தரவு எதுக்குன்னு பத்துன்னு சொல்லிட்டிருந்தேன்.”

“வாய் பத்துன்னு சொல்றப்ப மனசுல என்னங்க இருந்துச்சு?”

“ஒண்ணும் இருக்காது. அதுதான் அம்மிணி. உங்கத்தை போனப்ப அழுகை இருந்துச்சு. அப்பறம் கோவம். அப்பறம் ரெண்டும் போச்சு. உப்பு இருக்கா, காரம் இருக்கா, தெரியாது. துணிமணியெல்லாம் குடுத்துட்டேன். காத்தால கண்ணு முழிச்சா, ‘அட, இன்னைக்கும் இருக்கறமா’ன்னு தோணும். போனாலும் சரி, இருந்தாலும் சரி. வலியெல்லாம் இல்ல. வலிச்சாத்தான் தேவலையே.”

கவின் மடித்துக் கொடுத்த சட்டைகள் மிருதுளாவின் நினைவுக்கு வந்தன.

வயதானவர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்ல முடியாது. நிஜமாகவே நிறைந்து வாழ்ந்து பத்து சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பத்து சொன்னவரும், காலி வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்காகப் பத்து சொன்னவரும் ஒரே கூடையில்தான் விழுந்தார்கள். இயந்திரம் சீட்டை மட்டும்தான் நம்பும். அலைகளோ இரண்டிலும் அமைதியாகத்தான் இருக்கும். ஆசை தீர்ந்ததால் வரும் அமைதிக்கும், ஆசையே விட்டுப்போனதால் வரும் அமைதிக்கும் வித்தியாசம் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

வாழ்ந்துகொண்டிருந்த ஒருவனைப் பள்ளத்தில் கிடப்பதாகத் தப்பாக எண்ணி, சாவுக்குத் தயாராக இருந்த இன்னொருவரின் மனதை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அந்த இன்னொருவர் அவனுடைய அப்பா.

அவள் சொல்லச் சொல்ல சுரேஷ்குமார் கேட்டார். பழுதுபார்க்கும் ஆள் அல்லவா, உடனே புரிந்துவிட்டது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். “கெளம்பு. அவன்கிட்ட நானே சொல்றேன்.”

கவின் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்து எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்காரவில்லை.

“கண்ணு, நான் பத்துன்னு சொன்னதெல்லாம் பொய்யி. ரெண்டு. ஒவ்வொரு நாளும் ரெண்டுதான். தனியா இருக்க முடியலடா சாமி.”

அந்த மனிதர் தன் மகனிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. எந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் மகன் பதறி ஓடிவருவான் என்று பயந்து ஒளித்து வைத்திருந்தாரோ, அதையே சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

கவின் அவர் தோளில் கை வைத்தான். “அதனாலென்னங்கப்பா. பழகிருச்சில்ல? நல்லாத்தான் இருக்கீங்க.”

சுரேஷ்குமார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். “கழட்டச் சொல்லு அம்மிணி. இது நான். இது என் மவன் தலைக்குள்ள இருக்கக் கூடாது.”

கழற்றுவதற்கு அணிந்தவரின் சம்மதம் வேண்டும். “எதுக்கு, இருக்கட்டுமே” என்றுதான் கவின் முதலில் சொன்னான். அப்பா விடவில்லை. “எனக்காக ஒருதரம் சரின்னு சொல்லு” என்று பக்கத்திலேயே நின்றார். கடைசியில், “உங்களுக்கு வேணும்னா சரிங்கப்பா” என்றான். அந்தச் சம்மதம் போதும் என்றான் நித்திலன். ஒரேயடியாக எடுத்தால் ஆபத்து என்று மட்டத்தைத் தினமும் கொஞ்சமாகக் குறைத்தான். மேலிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

“என்ன சொன்னாங்க?”

“கேட்டுக்கிட்டாங்கக்கா. மெதுவாப் பாத்துக்கலாம்னாங்க.”

பழைய கவின் திரும்பி வந்தது ஒரு மதியச் சாப்பாட்டில். தட்டைத் தள்ளினான். “என்னடி ரசம் இது? உப்பே இல்ல. வாயில வைக்க முடியல.”

மிருதுளா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று புரியாமல் அவன் கோபப்பட்டான். கோபத்தின் நடுவே கை தானாக நெஞ்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. முகம் வெளிறியது.

“மிருது, எனக்கு என்னமோ அடைப்புன்னு சொன்னாங்கல்ல?”

“ஆமாங்க.”

“நான் வேண்டாம்னா சொன்னேன்? நீ ஏன் சும்மா இருந்தே? பாப்பா எங்க? அவ எங்க தங்கியிருக்கா? என் பைக் எங்க?” ஒவ்வொன்றாக நினைவு வர வர அவன் குரல் உடைந்தது. ஊருக்குத் திரும்பாமல் அவர்களோடு தங்கியிருந்த அப்பாவிடம் கூடத்துக்கு ஓடினான். “அப்பா, நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்க? ரெண்டுன்னா சொன்னீங்க?” அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். “எனக்குச் சாகப் பயமா இருக்குங்கப்பா.”

சுரேஷ்குமார் பல வருடங்களுக்குப் பிறகு அழுதார். “நல்லதுடா. நல்லது. பயப்படு.”

அவனே மருத்துவமனைக்குப் போன் செய்தான். நாளைக்கே முடியுமா என்று கேட்டான். அந்த வாரத்திலேயே இடம் கிடைத்தது; அங்கே காத்திருப்போர் அதிகம் இல்லை என்று சொன்னார்கள். அறுவை செய்பவர் டாக்டர் ஹர்ஷவர்தன். கைராசிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், ஊரெல்லாம் பெயர். மகள் சென்னையிலிருந்து வந்துவிட்டாள். கவின் அவளைத் திட்டினான், பிறகு கட்டிக்கொண்டான், மறுபடியும் திட்டினான்.

அறுவை அன்று காலை, சக்கரக் கட்டிலில் படுத்திருந்த அவன் மிருதுளாவின் விரல்களை விடவே இல்லை. “வந்துருவேன்ல? இன்னும் எவ்வளவோ இருக்குது மிருது. டீமைத் திரும்பக் கட்டணும். அப்பாவைத் தனியா விடக் கூடாது. வந்துருவேன்னு சொல்லு.”

“வருவீங்க.”

கதவு திறந்தது. பச்சை உடையில் டாக்டர் ஹர்ஷவர்தன் வந்து நின்றார். சாந்தமான முகம். கவினின் நெற்றியில் கை வைத்தார். ஆட்கள் கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மிருதுளா கைகூப்பினாள். “டாக்டர், அவரு பொழைக்கணும்னு ரொம்ப ஆசப்படறாருங்க. எப்படியாவது காப்பாத்திக் குடுத்துருங்க.”

“எதுக்கும்மா இவ்வளவு பதட்டம்?” என்றார் அவர். குரலில் அத்தனை கனிவு. “வந்தாலும் சரிதான். வரலைன்னாலும் சரிதான். எதுவா இருந்தாலும் நல்லபடியாத்தான் இருக்கும்.”

முகக்கவசத்தின் நாடாவைக் காதில் மாட்டிக்கொள்ளத் தலையைத் திருப்பினார். தோல் நிறத்தில், சுண்டுவிரல் அகலத்தில், ஒன்று அங்கே ஒட்டியிருந்தது.

அவள் கத்துவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அதில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அவள் உள்ளங்கையால் அதை அறைந்தாள். விளக்குகளுக்குக் கீழே கவின் தலையைத் தூக்கி அவளைத் தேடினான். மயக்க மருந்து கொடுப்பவர் நரைத்த தலையைச் சாய்த்து அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பி, மிருதுளாவைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

உள்ளே யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.